தீவுகளை இணைத்த குரல்



1942-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் எடுக்கப்பெற்ற புகைப்படம் ஒன்று உண்டு. ஆங்கில இலக்கியம் பயில்வோர் பலர் அதனைப் பார்த்திருக்கக்கூடும். பி.பி.சி. வானொலி நிலையத்தின் சிறிய அறை ஒன்றில் பதின்மர் கூடியிருக்கின்றனர். நிற்போருள் ஒருவர் ஜார்ஜ் ஆர்வெல். மற்றொருவர் திறனாய்வாளர் வில்லியம் எம்ப்சன். அமர்ந்திருப்போருள் கவிஞர் டி. எஸ். எலியட் இருக்கிறார். அவர் பக்கத்தில், ‘பொயட்ரி லண்டன்’ என்ற கவிதை இதழை நடத்திப் புகழ்பெற்ற இலங்கைத் தமிழர் தம்பிமுத்து இருக்கிறார். நம் நாட்டு நாவலாசிரியர் முல்க் ராஜ் ஆனந்த், மராத்தியப் பெண் எழுத்தாளர் வேணு சிதலே, பிற்காலத்தில் அகில இந்திய வானொலியின் தலைமை இயக்குநராக உயர்ந்த நாராயண மேனன் ஆகியோரும் உள்ளனர். இந்திய நேயர்களுக்கென்று ஆர்வெல் தயாரித்த ‘வாய்ஸ்’ என்ற கவிதை நிகழ்ச்சிக்காக அவர்கள் கூடியிருந்தனர்.

எலியட்டுக்கும் முல்க் ராஜுக்கும் நடுவே ஒரு கறுப்பினப் பெண்மணி அமர்ந்திருக்கிறார். படத்தின் மையமே அவர்தாம் எனலாம். ஆயினும், நெடுங்காலம் அப்படத்தைப் பார்த்தோர் எலியட்டைச் சுட்டினர், ஆர்வெல்லைச் சுட்டினர், அவ்வம்மையார் யார் என்று கேட்டோர் சிலரே. அவர் பெயர் யூனா மார்சன். மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றாகிய ஜமெய்க்கா அவர் தாயகம். பி.பி.சி. நிறுவனத்தில் நிகழ்ச்சி தயாரிக்கும் பொறுப்பில் முழுநேரப் பணி ஏற்ற முதல் கறுப்பினப் பெண் அவரே.

வானொலியைப் பற்றி உங்களிடம் பேசலாம் என்று எண்ணியபோது, அலைநீளத்தையும் ஒலிபரப்புக் கோபுரத்தையும் விட்டு இவ்வம்மையாரை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. வானொலிப் பெட்டி யார் பேசினாலும் ஒலிக்கும். அதன் முன்னே யாரைப் பேச விடுவது என்பதைத் தீர்மானிப்போர் மனிதர்கள். தம் வாழ்நாளின் முற்பகுதி முழுவதும் பிறர் சொல்லைச் சுருக்கெழுத்தில் எழுதித் தந்த ஒருவர், எவ்வாறு தாமே பேசும் நிலைக்கு வந்தார், வந்தபின் பேச வாய்ப்பற்றிருந்த எத்தனை பேரைத் தம்முடன் அழைத்து வந்தார் என்பதே நான் சொல்ல விரும்புவது.

யூனா மார்சன் 1905-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள், ஜமெய்க்காவின் செயின்ட் எலிசபெத் வட்டாரத்தில் சாந்தா குரூஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் பாப்டிஸ்ட் திருச்சபைப் போதகர். ஜமெய்க்கா அந்நாளில் ஆங்கிலேயரின் குடியேற்ற நாடு. கரும்புத் தோட்டங்களுக்காக ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகளின் வழித்தோன்றல்களே அங்கே பெரும்பான்மையினர். 1838-இல் அவர்களுக்கு முழு விடுதலை கிடைத்துவிட்டது என்பது வரலாறு. ஆனால் அடிமைத்தளை அறுந்த பின்னும் நிறத்தின் தளை அறவில்லை. வெள்ளையர் மேற்படியிலும், கலப்பினத்தார் நடுப்படியிலும், கறுத்த மேனியர் கீழ்ப்படியிலும் நின்றனர். நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு இத்தகைய படிக்கட்டை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவையில்லை.

சிறுமி யூனா உபகாரச் சம்பளம் பெற்று ஹாம்ப்டன் பள்ளியில் சேர்ந்தார். வெள்ளையரும் வெளிர்நிறத்தாரும் தம் பெண்களை அனுப்பிய விடுதிப் பள்ளி அது. ஆங்கிலக் கவிதையின் சுவையை அங்கே கற்றார்; தம் நிறத்தின் நினைவும் அங்கேதான் அவருக்கு நாள்தோறும் ஊட்டப்பட்டது. அவர் சிறு வயதினராக இருந்தபோதே தந்தையார் காலமானார். குடும்பம் தலைநகராகிய கிங்ஸ்டனுக்குக் குடிபெயர்ந்தது. மேற்படிப்புக்கு வழியில்லை. சுருக்கெழுத்தும் தட்டெழுத்தும் கற்று, இரட்சணிய சேனை, வாலிபர் கிறிஸ்தவ சங்கம் போன்ற தொண்டு நிறுவனங்களில் பணிசெய்யத் தொடங்கினார்.

சுருக்கெழுத்தாளரின் நிலை விந்தையானது. அவர் அறையில் இருப்பார். ஆனால் இல்லாதவராகவே கருதப்படுவார். அனைத்தையும் கேட்பார், எதையும் சொல்லார். அந்நாளில் ஜமெய்க்காவின் அலுவலகங்களுக்கு வரத் தொடங்கிய படித்த பெண்களுக்குக் கிடைத்த இடம் பெரும்பாலும் இதுவே. அவர்களை நோக்கி யூனா ஒரு பத்திரிகை தொடங்கினார். 1928-இல் வெளிவந்த அதன் பெயர் ‘தி காஸ்மபாலிட்டன்’. ஜமெய்க்காச் சுருக்கெழுத்தாளர் சங்கத்தின் இதழாகவும் அது விளங்கிற்று. சொந்தமாகப் பத்திரிகை நடத்தி அதன் ஆசிரியராகவும் இருந்த முதல் ஜமெய்க்கப் பெண்மணி யூனாதான். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று. பெண்களின் ஊதியம், வாக்குரிமை, கவிதை, சிறுகதை எல்லாம் அதில் வந்தன. பணமுடையால் 1931-இல் இதழ் நின்றுபோயிற்று. ஆயினும் இடையில் அவருடைய முதற் கவிதைத் தொகுதி வெளிவந்து மஸ்கிரேவ் பதக்கம் பெற்றது. அவர் எழுதிய ‘அட் வாட் எ பிரைஸ்’ என்ற நாடகமும் 1932-இல் கிங்ஸ்டன் மேடையேறி ஓரளவு பொருளும் ஈட்டித் தந்தது. அந்தப் பொருளைக் கொண்டு அவ்வாண்டே கப்பலேறி லண்டன் சென்றார்.

லண்டன் அவரை எப்படி வரவேற்றது? வாடகைக்கு அறை கேட்டுச் சென்றால் கதவு சாத்தப்பட்டது. அலுவலக வேலை கேட்டுச் சென்றால், வெள்ளைக்காரப் பெண்களோடு ஒரே அறையில் உட்கார்த்தி வைக்க முடியாது என்பது காரணமாயிற்று. நன்கு தட்டெழுதத் தெரிந்தும், பத்திரிகையாசிரியராய் இருந்தும் பயனில்லை. அவருக்கு இடம் தந்தவர் பெக்காம் பகுதியில் மருத்துவராய் இருந்த டாக்டர் ஹரால்டு மூடி. அவரும் ஜமெய்க்காக்காரரே. கறுப்பினத்தார் உரிமைக்காக 1931-இல் ‘லீக் ஆப் கலர்டு பீப்பிள்ஸ்’ என்ற சங்கத்தை நிறுவியவர். அவர் இல்லமே சங்கத்தின் அலுவலகமாகவும், புதிதாய் வந்திறங்கும் மாணவர்க்குப் புகலிடமாகவும் இருந்தது. யூனா அதன் செயலாளர் பொறுப்பை ஏற்றார். ‘தி கீஸ்’ என்ற அதன் இதழையும் கவனித்தார். செவிலியர் பயிற்சிக்கு விண்ணப்பித்து நிறத்தின் காரணமாக மறுக்கப்பட்ட பெண்கள், வேலையிழந்த கப்பல் தொழிலாளிகள், தங்க இடமற்ற மாணவர்கள் எனச் சங்கத்தை நாடி வந்தோர் பலர். அவர்களுக்காகக் கடிதம் எழுதுவதும், ஆட்களைப் பார்ப்பதும், கூட்டம் கூட்டுவதும் அவர் பணி. சங்கத்தின் சார்பில் 1934-இன் தொடக்கத்தில் அவருடைய நாடகம் லண்டன் ஸ்காலா அரங்கில் நடிக்கப்பெற்றது. நடித்தவர்கள் தொழில்முறை நடிகர்கள் அல்லர், சங்கத்து உறுப்பினர்களே.

இங்கே ஒரு சிறு விலகல். யூனாவின் கவிதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ‘சினிமா ஐஸ்’ என்பது. 1937-இல் வெளிவந்த தொகுதியில் உள்ளது. ஒரு கறுப்பினத் தாய் தன் மகளைச் சினிமாவுக்குப் போகவேண்டாம் என்கிறாள். படக்காட்சியிலுள்ள வெள்ளை அழகையே அழகென்று நம்பித் தன் வாழ்வைப் பாழாக்கிக்கொண்ட கதையை மகளிடம் சொல்கிறாள். தலைமுடியைச் சூடுபோட்டு நீட்டி நிமிர்த்திக்கொள்ளும் வழக்கத்தையும் யூனா எதிர்த்தார். மணமகள் தேவை விளம்பரங்களில் ‘சிவந்த நிறம்’ என்று அச்சிட்டுப் பழகிய நமக்கு இக்கவிதையைப் படிக்க மொழிபெயர்ப்பாளர் தேவைப்படலாம், உரையாசிரியர் தேவைப்படமாட்டார்.

1935-ஆம் ஆண்டு ஏப்ரலில் துருக்கி நாட்டு இஸ்தான்புல் நகரில் அனைத்துலகப் பெண்கள் மாநாடு கூடியது. பெண்களின் வாக்குரிமைக்காகவும் சமத்துவத்துக்காகவும் உழைத்த பல நாட்டினர் அங்கே வந்தனர். லண்டனிலிருந்து சென்ற யூனா மேடையேறிப் பேசினார். பெண்ணுரிமை பேசும் சபையில் கறுப்பினப் பெண்களின் துன்பத்தையும் சேர்த்துப் பேசவேண்டும் என்பதே அவர் உரையின் சாரம். அவ்வாண்டு அக்டோபரில் இத்தாலியின் முசோலினி எத்தியோப்பியாமீது படையெடுத்தான். ஆப்பிரிக்காவில் எஞ்சியிருந்த சுதந்திர நாடுகளுள் ஒன்று வீழ்வதைக் கண்டு உலகெங்கும் உள்ள கறுப்பின மக்கள் துடித்தனர். யூனா நேரே லண்டனிலிருந்த எத்தியோப்பியத் தூதரகத்துக்குச் சென்று, வேலை செய்ய முன்வந்தார். மறுபடியும் சுருக்கெழுத்து, தட்டெழுத்து, கடிதப் போக்குவரத்து! நாட்டை இழந்து லண்டனுக்கு வந்த பேரரசர் ஹைலி செலாசி, 1936-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் முன் நீதி கேட்டு முறையிட்டார். அவருடன் செயலாளராகச் சென்றவர் யூனா. பேரரசர் பேச எழுந்தபோது இத்தாலியப் பத்திரிகையாளர்கள் சீழ்க்கையடித்து இரைச்சலிட்டனர். சங்கம் கேட்டுக்கொண்டது, கைகொடுக்கவில்லை.

ஒரு நாட்டின் தலைவன் உலகத்தின் முன் நின்று பேசியும் அவன் சொல் ஏறவில்லை என்பதை அருகிலிருந்து கண்டவர் யூனா. அந்தக் காட்சி அவரை வெகுவாகப் பாதித்தது என்றே நான் கருதுகிறேன். உடலும் உள்ளமும் சோர்ந்து அவ்வாண்டே தாயகம் திரும்பினார். திரும்பியவர் ஓய்வெடுத்தாரா என்றால் இல்லை. கிங்ஸ்டனில் வாசகர் எழுத்தாளர் மன்றம் கண்டார். பத்திரிகைகளில் எழுதினார். 1938-இல் ‘போகோமேனியா’ என்ற நாடகத்தை அரங்கேற்றினார். கற்றோர் இழிவாகக் கருதிய நாட்டுப்புற வழிபாட்டையும், அதன் முரசையும், பாமரர் பேச்சையும் அந்நாடகம் மேடைக்குக் கொண்டுவந்தது. தங்கள் வேலைக்காரர் பேசும் மொழி நாடக மேடையில் ஒலிப்பதைக் கேட்ட கனவான்களின் முகத்தை நாம் கற்பனை செய்துகொள்ளலாம். அதே ஆண்டில், ஏழைக் குழந்தைகளுக்கு உணவும் உடையும் நூலும் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்புவதற்காக ஜமெய்க்காக் குழந்தைகள் காப்பு நிதியை உருவாக்கினார். அதற்குப் பொருள் திரட்டவே மீண்டும் லண்டன் சென்றார்.

இனி வானொலிக்கு வருவோம்.

1939-இல் அலெக்சாந்திரா மாளிகையிலிருந்து பி.பி.சி. நடத்திவந்த தொலைக்காட்சியில், ‘பிக்சர் பேஜ்’ என்ற நிகழ்ச்சிக்காக யூனா அவ்வப்போது பணிபுரிந்தார். செப்டம்பரில் போர் மூண்டதும் தொலைக்காட்சி நிறுத்தப்பட்டது. ஆனால் போர் வானொலிக்குப் புதிய தேவையை உண்டாக்கிற்று. குடியேற்ற நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் பிரிட்டனுக்கு வந்தனர். மேற்கிந்தியத் தீவினர் விமானப் படையில் சேர்ந்தனர். ஆயுதத் தொழிற்சாலைகளில் உழைத்தனர். பிரிட்டிஷ் ஹாண்டுராஸிலிருந்து வந்த மரவெட்டிகள் ஸ்காட்லாந்துக் காடுகளில் குளிரில் நடுங்கியபடி மரம் வெட்டினர். இவர்கள் நலமாக உள்ளனர் என்று ஊருக்குத் தெரியவேண்டும். தெரிந்தால்தான் தீவுகள் பேரரசின் பக்கம் உறுதியாக நிற்கும். அரசாங்கத்தின் கணக்கு இது. அக்கணக்கை நிறைவேற்ற, 1941-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் யூனா மார்சன் முழுநேர நிகழ்ச்சி உதவியாளராக நியமிக்கப்பெற்றார். அவர் பொறுப்பில் வளர்ந்த நிகழ்ச்சியின் பெயர் ‘காலிங் தி வெஸ்ட் இண்டீஸ்’.

அந்நிகழ்ச்சி எவ்வாறு நடந்தது என்பதைச் சற்று விளக்கவேண்டும். லண்டனிலிருந்து புறப்படும் சிற்றலைகள் வான்வெளியின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி, அட்லாந்திக் மாகடலைத் தாண்டிப் போய் விழும். தீவுகளில் வானொலிப் பெட்டிகள் மிகக் குறைவு. ஜமெய்க்காவின் முதல் நிலையமே 1939 நவம்பரில்தான், ஒருவர் பொழுதுபோக்காக வைத்திருந்த ஒலிபரப்புக் கருவியைக் கொண்டு தொடங்கப்பெற்றது. பெட்டி உள்ள வீட்டில் ஊரே கூடிவிடும். கிங்ஸ்டனில் மாலைப் பொழுது என்றால் லண்டனில் நள்ளிரவு. விளக்கணைத்த நகரத்தில், குண்டுவீச்சுக்கு அஞ்சி மக்கள் பதுங்கியிருக்கும் நேரத்தில், ஒலிபரப்பு அறையில் வேலை நடக்கும். 1942 முதல் கடல்கடந்த நாடுகளுக்கான ஒலிபரப்பு, ஆக்ஸ்போர்டு வீதியிலிருந்த ஒரு பழைய ஜவுளிக்கடைக் கட்டடத்துக்கு மாறிற்று. படைவீரர் ஒவ்வொருவராக ஒலிவாங்கியின் முன் வருவர். சொல்லவேண்டியதை முன்கூட்டியே எழுதித் தணிக்கையாளரிடம் காட்டியாக வேண்டும். எந்த ஊர், எந்தப் படைப்பிரிவு, வானிலை என்ன என்று எதுவும் வாய் தவறி வரக்கூடாது. ‘அம்மா, நலமாக இருக்கிறேன்’ என்பதற்கு மேல் பெரிதாக என்ன சொல்லிவிட முடியும்?

ஆனால் அதுவே போதுமானதாயிருந்தது. அஞ்சலட்டை எழுதிப் போட்டுவிட்டு, நேயர் விருப்பத்தில் தம் பெயர் வருமா என்று வானொலிப் பெட்டியருகே காத்துக் கிடந்த தலைமுறை நம் ஊரிலும் உண்டு. பாட்டைவிடப் பெயருக்காகக் காத்திருந்தோர் அவர்கள். பெயருக்கே அப்படியென்றால், மகனின் குரலுக்காகக் காத்திருந்த தாயை எண்ணிப் பாருங்கள். யூனா அந்த வீரர்களை வெறுமனே வரிசையில் நிறுத்தவில்லை. அவர்களுக்கு விருந்து வைத்தார், இசைக்குழுவை அழைத்தார், கூச்சத்தைப் போக்கிச் சிரிக்கவைத்துப் பேசவைத்தார். அவர் குடியிருந்த இல்லமே தீவு மக்களின் சாவடி போலாயிற்று. கிரிக்கெட் வீரர் லியரி கான்ஸ்டன்டைன் அவர் நிகழ்ச்சியில் பேசினார். விமானப்படையில் பெரும்பெயர் பெற்ற டிரினிடாட் இளைஞர் அல்ரிக் கிராஸ் பேசினார்.

இதனிடையே ஒரு புதுமை நிகழ்ந்தது. அதை அரசாங்கம் திட்டமிடவில்லை. ஜமெய்க்காவுக்கும் டிரினிடாடுக்கும் இடையே 1,500 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடல். ஒரு தீவார்க்கு மற்றொரு தீவைப் பற்றித் தெரிந்ததைவிட இங்கிலாந்தைப் பற்றித் தெரிந்தது மிகுதி. பள்ளிப் பாடம் அப்படி! இப்போது ஜமெய்க்காக்காரர் பேசும்போது பார்படோஸில் கேட்கிறார்கள். டிரினிடாடின் கலிப்சோப் பாட்டு ஜமெய்க்காவில் ஒலிக்கிறது. லண்டனைச் சுற்றிக்கொண்டு வந்தாலும், தீவுகள் முதன்முறையாக ஒன்றன் குரலை ஒன்று கேட்கத் தொடங்கின.

யூனா அடுத்த அடியை எடுத்து வைத்தார். 1943-ஆம் ஆண்டு மார்ச்சில் அந்நிகழ்ச்சியின் ஒரு பகுதியைக் கவிதைக்கும் கதைக்கும் ஒதுக்கினார். அதுவே ‘கரீபியன் வாய்சஸ்’. ஆர்வெல்லின் கவிதை நிகழ்ச்சியில் பங்குகொண்டது அவருக்கு இந்த எண்ணத்தைத் தந்தது என்பர். நான் முதலில் சொன்ன புகைப்படத்தின் சிறப்பு இதில்தான் இருக்கிறது. இந்தியாவுக்கென ஏற்பட்ட ஓர் ஒலிபரப்பில், ஒரு தமிழரும் ஒரு மலையாளியும் ஒரு பஞ்சாபியும் சூழ அமர்ந்திருந்த ஜமெய்க்கப் பெண்ணின் மனத்தில், நம் தீவுகளுக்கும் இப்படி ஒன்று ஏன் கூடாது என்ற கேள்வி முளைத்திருக்க வேண்டும்.

தீவுகளில் அந்நாளில் நூல் வெளியிடும் நிறுவனங்கள் அரிது. இளங்கவிஞன் ஒருவன் எழுதினால் நண்பர்களுக்குப் படித்துக் காட்டலாம்; செய்தித்தாளின் மூலையில் இடம் கிடைத்தால் மகிழலாம்; அவ்வளவுதான். இப்போது கடிதவுறையிலிட்டு அனுப்பினால், கடல் கடந்து போய், குரலாகத் திரும்பி வருகிறது. கையில் சன்மானமும் வருகிறது. அந்நிகழ்ச்சி 1958 வரை பதினைந்து ஆண்டுகள் நடைபெற்றது. டெரிக் வால்காட், ஜார்ஜ் லாமிங், எட்கர் மிட்டல்ஹோல்சர், வி. எஸ். நைபால் ஆகியோரின் தொடக்ககால எழுத்துகள் அதன்வழியே வெளிவந்தன. சென்னை மாகாணத்திலிருந்து டிரினிடாடில் குடியேறிய கிறிஸ்தவர் ஒருவரின் மகனாகிய சாமுவேல் செல்வனும் அவ்வாறு வளர்ந்தவரே. இவர்களுள் வால்காட் 1992-இலும் நைபால் 2001-இலும் நோபெல் பரிசு பெற்றனர். ஆங்கிலத்தில் எழுந்த கரீபிய இலக்கியத்துக்கு இதைவிடப் பெரிய தூண்டுகோல் வேறில்லை என்பது பார்படோஸ் கவிஞர் பிரத்வைட்டின் கருத்து.

உண்மையை ஒளிக்காமல் சொல்லவேண்டும். இப்புகழின் பெரும்பகுதி, 1946-இல் பொறுப்பேற்ற ஹென்றி சுவான்சி என்ற அயர்லாந்துக்காரரைச் சேர்ந்தது. அவர் கண்டிப்பான திறனாய்வாளர். வந்த எழுத்தையெல்லாம் சலித்து, குறையை எடுத்துச் சொல்லி, எழுத்தாளரை வளர்த்தவர். யூனாவின் காலத்தில் ஒலித்த கவிதைகள் பலவும் பழைய ஆங்கில மரபைப் பின்பற்றிய எளிய பாடல்களே. ஆயினும் நட்டவருக்கும் நீர் ஊற்றியவருக்கும் இடையே பங்கு பிரிக்க நான் உடன்படேன். யூனா அந்த அரைமணி நேரத்தைக் கேட்டுப் பெறாதிருந்தால், சுவான்சி சலித்தெடுக்க எதுவும் வந்திராது.

கேட்டுப் பெறுவது எளிதாயிருந்ததா? இல்லை. ஒரு கறுப்பினப் பெண் கட்டளையிடும் இடத்தில் இருப்பதை நிலையத்துள்ளே பொறுக்கமாட்டாதவர் இருந்தனர். வெளியே, தீவு மக்களுள்ளும் பூசல். ஜமெய்க்காக்காரர்க்கே முன்னிடம் தருகிறார் என்று பிற தீவினர் குறைகூறினர். அவரைப் பற்றிப் புகார்க் கடிதங்கள் எழுதப்பட்டன. பகலில் அலுவலகம், இரவில் ஒலிபரப்பு, இடையில் வீடு தேடி வருவோரின் துயரம், தலைக்குமேல் குண்டு விமானங்கள். இவ்வாறு ஐந்து ஆண்டுகள். பிறர் தனிமையைப் போக்குவதையே தொழிலாகக் கொண்டவரின் தனிமையைப் போக்க யாரும் இல்லை. போர் முடியும் வேளையில் அவர் மனநலம் குலைந்தது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 1946-இல் பி.பி.சி. அவரை ஜமெய்க்காவுக்கு அனுப்பிவைத்தது. அவருடைய கவிதைத் தொகுதி ‘டுவர்ட்ஸ் தி ஸ்டார்ஸ்’ வெளிவந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது.

மனம் நோயுறுவதைப் பலவீனமாகவும் இழுக்காகவும் எண்ணும் பழக்கம் அந்நாளில் எங்கும் இருந்தது. நம்மிடம் இன்னும் முற்றும் ஒழிந்தபாடில்லை. யூனாவின் பெயர் வரலாற்றில் மங்கியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். உடல் தேறியபின் அவர் வாளாவிருக்கவில்லை. கிங்ஸ்டனில் 1949-இல் தொடங்கிய பயனியர் பிரஸ் என்ற நூல் வெளியீட்டகத்தில் பொறுப்பேற்று, ஜமெய்க்க எழுத்தாளர் நூல்கள் மலிவு விலையில் மக்களை அடையப் பாடுபட்டார். பின்னர் அமெரிக்காவில் சில ஆண்டுகள் வாழ்ந்தார். மணவாழ்க்கை நிலைக்கவில்லை. தாயகம் திரும்பியபோது அது விடுதலை பெறும் நாடாக மாறியிருந்தது; 1962 ஆகஸ்டு 6 அதன் விடுதலை நாள். தாம் தொடங்கிய குழந்தைகள் காப்பு நிதிக்கே மீண்டும் உழைத்தார். 1965-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் மாரடைப்பால் கிங்ஸ்டனில் காலமானார். அப்போது அவருக்கு வயது அறுபது.

அவரைப் பற்றிய முழுமையான வாழ்க்கை வரலாறு ஒன்று வெளிவர 1998 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டெலியா ஜாரெட்-மக்காலே அதனை எழுதினார். லண்டனில் அவர் வாழ்ந்த கேம்பர்வெல் பகுதியில் 2009-இல் நினைவுப் பலகை ஒன்று பதிக்கப்பெற்றது.

அவருடைய குரலைக் கேட்க விரும்புவோர்க்கு ஒன்று சொல்வேன். அந்நாளைய ஒலிபரப்புகளில் பெரும்பாலானவை நேரே காற்றில் போனவை, பதிவுகள் எஞ்சவில்லை. தட்டெழுத்துப் பிரதிகள் எஞ்சியிருக்கின்றன. ஆனால் 1943-இல் பிரிட்டிஷ் தகவல் அமைச்சகம் அவருடைய நிகழ்ச்சியைப் பற்றி ஒரு குறும்படம் எடுத்தது. ‘வெஸ்ட் இண்டீஸ் காலிங்’ என்பது அதன் பெயர். அதில் யூனா ஒலிவாங்கியின் முன் நின்று, தீவுகளை விளித்து, தெளிந்த குரலில் தம் தோழர்களை ஒவ்வொருவராக அறிமுகம் செய்கிறார். கான்ஸ்டன்டைன் தொழிற்சாலையைப் பற்றிப் பேசுகிறார். அல்ரிக் கிராஸ் விமானப் படையைப் பற்றிப் பேசுகிறார். மரவெட்டிகளின் சார்பில் ஒருவர் பேசுகிறார். பேச்சு முடிந்ததும் இசைக்குழு வாசிக்கத் தொடங்குகிறது. அறையில் கூடியிருந்தோர் நடனமாடுகின்றனர்.